ஆறு சேர்வோ, ஒரு லாப்டொப்: யூஎஸ்பியில் ஆட்ட எதை வாங்குவது?

மருமகனுக்குப் பாடசாலைக் கண்காட்சி. அவன் தெரிவு செய்தது ரயில் கடவை. கொம்பனித்தெருவில் கேற் விழுந்து, பஸ்ஸுக்குள் வியர்த்துக்கொண்டு ரயில் போகும்வரை இருந்த அனுபவம் கொழும்பில் யாருக்குத்தான் இல்லை? மாதிரியில் நான்கு கேற், இரண்டு கைகாட்டி. ஒவ்வொன்றுக்கும் ஒரு எஸ்ஜி90 சேர்வோ, அதாவது சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சின்ன மோட்டார், ஆக ஆறு. நேர அட்டவணையை லாப்டொப்பில் பைதனில் எழுதி வைத்திருந்தான். திரையில் ரயில் நகரும், கடவையை நெருங்கியதும் மேசையில் கேற் இறங்க வேண்டும்.

“மாமா, லாப்டொப்பிலயிருந்து நேரா வயர் இழுத்து இதுகளை ஆட்ட ஏலாதோ?” என்று கேட்டான்.

ஏலாது. ஏன் ஏலாது என்று அவனுக்கு விளங்கப்படுத்தப் போய்த்தான் எதை வாங்குவது என்பதும் எனக்குத் தெளிவானது.

சேர்வோவில் மூன்று வயர். மண்ணிறம் கிரவுண்ட், சிவப்பு 5 வோல்ட், செம்மஞ்சள் சைகை. உள்ளே ஒரு சின்ன மோட்டார், பற்சக்கரங்கள், அச்சு எங்கே நிற்கிறது என்று பார்க்க ஒரு மாறுந்தடை, இவற்றை மேய்க்க ஒரு சுற்று. சைகை வயரில் 20 மில்லி செக்கனுக்கு ஒரு தடவை ஒரு துடிப்பு வர வேண்டும். அந்தத் துடிப்பு எவ்வளவு நேரம் நீள்கிறது என்பதுதான் கட்டளை. 1500 மைக்ரோ செக்கன் என்றால் நடு. எஸ்ஜி90 போன்றவை ஏறத்தாழ 500 முதல் 2500 வரை 180 பாகை சுழலும். கணக்குப் பார்த்தால் ஒரு பாகைக்கு வெறும் 11 மைக்ரோ செக்கன்.

இனி யூஎஸ்பியைப் பாருங்கள். நாம் வாங்கும் சின்னப் போர்ட்டுகள் (சிப் வைத்த சுற்றுப் பலகைகள்) பெரும்பாலும் பேசும் ஃபுல் ஸ்பீட் யூஎஸ்பியில் தகவல் 1 மில்லி செக்கன் தவணைகளில்தான் போகும். சேர்வோவின் கணக்கில் அது 90 பாகை. அதற்கு மேல் விண்டோஸ் இடையில் எதையாவது அப்டேட் செய்யப் போய்விடும். ஆகவே நேரம் பிடிக்கும் வேலை கொம்பியூட்டருக்குச் சரிவராது. அது “மூன்றாம் கேற்றை 1200க்குக் கொண்டு போ” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த 1200ஐ 20 மில்லி செக்கனுக்கு ஒரு தடவை பிசகாமல் அடித்துக்கொண்டிருக்க, மறுமுனையில் ஒரு சிப் வேண்டும். எந்தச் சிப் என்பதுதான் கேள்வி.

வீட்டில் ஒரு ஆர்டுயினோ ஊனோ கிடந்தது, நாமே நிரல் எழுதி ஏற்றக்கூடிய போர்ட். அசல் இல்லை, யூஎஸ்பிப் பேச்சை மொழிபெயர்க்க சிஎச்340 சிப் வைத்த நகல். கொழும்பில் பாதி வீடுகளில் மேசை லாச்சிக்குள் கிடப்பது அதுதான் என்று நினைக்கிறேன். ஊனோவுக்குச் சேர்வோ நூலகம் (ஆயத்த நிரல் தொகுப்பு) கூடவே வருகிறது, 12 சேர்வோ வரை தாங்கும். நான்கைந்து வரியில் நிரல் எழுதி, லாப்டொப்பிலிருந்து சீரியலில் (யூஎஸ்பி வழியே எழுத்தெழுத்தாக) வரும் இலக்கத்தை வாசித்து, உரிய சேர்வோவுக்கு அனுப்பினோம். அரை மணித்தியாலத்தில் கேற் ஆடியது.

ஆனால் மருமகன் தன் பைதன் நிரலைத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் கேற்றுகள் துள்ளி எழுந்து பாதியில் நின்றன. கேற் மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. காரணம் இதுதான். கொம்பியூட்டர் சீரியல் இணைப்பைத் திறந்தவுடன் ஊனோ தன்னைத்தானே ரீசெட் செய்துகொள்கிறது. புது நிரல் ஏற்ற வசதியாக இருக்கட்டும் என்று வேண்டுமென்றே வைத்த ஏற்பாடு அது. ரீசெட் முடிந்து எழும்பியதும் சேர்வோ நூலகம், வேறு சொல்லாவிட்டால், 1500இலிருந்து தொடங்கும். அதுதான் அந்தப் பாதி.

இதற்கு இரண்டு வைத்தியம் உண்டு. நிரலில் சேர்வோவைப் போர்ட்டின் பின்னோடு (வயர் செருகும் முனையோடு) இணைக்கும் கட்டளைக்கு முன்னாலேயே, அது நிற்க வேண்டிய இடத்தை எழுதிவிடலாம். அப்போது முதல் துடிப்பே சரியான இடத்துக்கு வரும். அல்லது ரீசெட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 மைக்ரோ ஃபரட் ஒன்றைச் செருகிவிடலாம், ரீசெட்டே நடக்காது. உயர்தரப் பௌதிகவியலில் அதைக் கொள்ளளவி என்று படித்தோம், கடையில் கப்பாசிட்டர் என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். புது நிரல் ஏற்றும்போது அதைக் கழற்ற வேண்டும். கழற்ற மறந்துவிட்டு “போர்ட் செத்துப்போச்சு” என்று நான் ஒரு இரவு முழுக்க இருந்திருக்கிறேன்.

அப்புறம் தாமதம். கட்டளை போய் ஒரு செக்கன் கழித்துத்தான் கேற் அசைந்தது. இலக்கத்தை வாசிக்க நாங்கள் பயன்படுத்திய பார்ஸ்இன்ட், அடுத்ததாக இன்னொரு இலக்கம் வருமோ என்று 1000 மில்லி செக்கன் காத்திருக்கும். கட்டளையின் கடைசியில் ஒரு புதுவரிக் குறியைச் சேர்த்து அனுப்பியதும் அந்தக் காத்திருப்பு போய்விட்டது. இன்னொன்று, சேர்வோ நூலகம் வந்ததும் 9ஆம் 10ஆம் பின்களில் மின்குமிழை மெல்ல மங்கவைக்கும் வேலை நின்றுவிடும். அவனுடைய சிவப்பு விளக்கு 9இல் இருந்தது. மூன்றாம் பின்னுக்கு மாற்றினோம்.

சி மொழியைத் தொடவே விருப்பமில்லை என்பவர்கள் ஊனோவில் ஃபர்மாட்டா என்ற ஆயத்த நிரலை ஏற்றிவிட்டு முழுவதையும் பைதனிலேயே எழுதலாம். சின்ன வேலைக்கு அது நல்ல வழி. ஆனால் ரீசெட் துள்ளல் அதிலும் உண்டு. உள்ளே இருப்பது வேறு ஆள் எழுதிய நிரல் என்பதால் முதல் வைத்தியத்தைச் செய்வதும் சுலபமில்லை.

இதுவரை சொன்னது எல்லாம் ஒரு கேற், இரண்டு கேற் ஆடிய கதை. ஆறையும் ஒன்றாக இறக்கியபோதுதான் உண்மையான வில்லங்கம் தொடங்கியது.

ஆறு சிவப்பு வயரையும் ஊனோவின் 5 வோல்ட் பின்னிலேயே கொடுத்திருந்தோம். அந்த மின்சாரம் லாப்டொப்பின் யூஎஸ்பியிலிருந்துதான் வருகிறது. யூஎஸ்பி 2.0 துவாரம் ஒன்று தர ஒப்புக்கொள்வது 500 மில்லி அம்பியர். ஊனோவிலும் அதே 500 மில்லி அம்பியருக்கு ஒரு ஃபியூஸ் இருக்கிறது. எஸ்ஜி90 எங்காவது முட்டி இறுகினால் ஒன்று மட்டுமே அரை அம்பியருக்கு மேல் இழுத்துவிடும். ஆறும் ஒரே நேரத்தில் கிளம்பினால்? வோல்ட் விழுந்தது, ஊனோ ரீசெட் ஆனது, எழும்பி ஆறையும் நடுவுக்குத் தள்ளியது, அந்தத் தள்ளலில் மறுபடி வோல்ட் விழுந்தது. கேற்றுகள் குளிர்காய்ச்சல் வந்தவன் மாதிரி நடுங்கிக்கொண்டே இருந்தன. லாப்டொப் “டிங், டொங்” என்று சத்தம் போட்டு, கடைசியில் அந்தத் துவாரத்தையே மூடிவிட்டது. நல்லகாலம், திரும்ப இயக்கியதும் சரியாகிவிட்டது.

அதனால் என் எண்ணத்தில், எந்தப் போர்ட் என்று யோசிக்க முன்னர் சேர்வோவுக்குச் சாப்பாடு எங்கிருந்து என்று முடிவு செய்துவிட வேண்டும். எந்தப் போர்ட்டை வாங்கினாலும் இந்தப் பகுதி மாறாது. யூஎஸ்பி பேச்சுக்கு மட்டும். சேர்வோக்களுக்குத் தனியாக ஒரு 5 வோல்ட் 3 அம்பியர் அடப்டர். அதன் சிவப்பைப் போர்ட்டின் 5 வோல்ட் பின்னில் தொடவே வேண்டாம். ஆனால் கறுப்பு வயர் பொதுவாக இருக்க வேண்டும், அடப்டரின் கிரவுண்டும் போர்ட்டின் கிரவுண்டும் ஒன்றாகச் சேர வேண்டும். இதைத் தவறவிட்டால் சேர்வோ தன்பாட்டுக்குத் துடிக்கும், ஆட்கள் நிரலில் பிழை தேடிக்கொண்டிருப்பார்கள். அடப்டர் வரும் இடத்தில் 1000 மைக்ரோ ஃபரட் கப்பாசிட்டர் ஒன்றைக் குறுக்கே போட்டால் திடீர் இழுப்பைக் கொஞ்சம் சமாளிக்கும்.

பெரிய சேர்வோ என்றால் 3 அம்பியர் காணாது. எம்ஜி996ஆர் போன்ற உலோகப் பல் வைத்தவை 6 வோல்ட்டில் முட்டி நின்றால் ஒவ்வொன்றும் 2.5 அம்பியர் வரை கேட்கும். அதற்குப் பம்பலப்பிட்டிப் பக்கம் கொம்பியூட்டர் திருத்தும் கடைகளில் கழித்துப்போட்ட ஏரிஎக்ஸ் பவர் சப்ளை (மேசைக் கொம்பியூட்டருக்குள் இருக்கும் மின்பெட்டி) நல்லது. அதன் சிவப்பு வயர்களில் 5 வோல்ட் 15 அம்பியருக்கும் மேல் கிடைப்பது வழக்கம். பச்சை வயரைக் கறுப்போடு தொடுத்தால் இயங்கத் தொடங்கும். பெட்டியை மட்டும் திறக்காதீர்கள், உள்ளே 230 வோல்ட். பிள்ளைகள் கைவைக்கும் மேசைக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன், சாதாரண அடப்டர்தான் அங்கே சரி.

பவர் பாங்க் யோசனை நம் ஊரில் எல்லோருக்கும் வரும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தவர்கள் அல்லவா, வீட்டில் இரண்டாவது இருக்கும். ஆட்டுவதற்கு ஆட்டும். ஆனால் பல பவர் பாங்குகள் இழுப்பு குறைந்தவுடன் “போன் நிரம்பிவிட்டது” என்று நினைத்துத் தானாக நின்றுவிடும். கேற் சும்மா நிற்கும் நேரத்தில் சேர்வோக்கள் இழுப்பது கொஞ்சம்தான். நடுவர் வந்து நிற்கும்போது கடவை செத்துக் கிடக்கும்.

சரி, போர்ட்டுக்கு வருவோம். மின்சாரத்தைப் பிரித்த பிறகு ஊனோ ஒழுங்காகவே வேலை செய்தது. இருந்தும் நான் புறக்கோட்டைக்குப் போய் ராஸ்பெரி பை பிக்கோ ஒன்று வாங்கி வந்தேன். 2021 ஜனவரியில் 4 டொலருக்கு வெளிவந்த போர்ட். 2024 ஓகஸ்டில் 5 டொலருக்குப் பிக்கோ 2 வந்துவிட்டது, இந்த வேலைக்குப் பழையதே காணும்.

பிக்கோவில் எனக்குப் பிடித்தது, யூஎஸ்பி அந்தச் சிப்புக்குள்ளேயே இருக்கிறது. நடுவில் சிஎச்340 மாதிரி மொழிபெயர்ப்பாளர் இல்லை. சீரியல் இணைப்பைத் திறந்தால் ரீசெட் ஆகாது, கேற் துள்ளாது. விண்டோஸ் 10க்குப் பிறகு டிரைவர் தேடி அலையவும் தேவையில்லை. துடிப்பு உண்டாக்க 16 வழிகள் வன்பொருளாகவே இருக்கின்றன. ஒரு தடவை அளவைச் சொல்லிவிட்டால் நிரல் வேறு வேலையில் இருந்தாலும் துடிப்பு நடுங்காது. ஊனோவின் நூலகம் இதையே மென்பொருள் குறுக்கீடுகளால் செய்வதால் சில மைக்ரோ செக்கன் அங்கே இங்கே ஆடும். கேற்றுக்கு அது பொருட்டில்லை, கமரா திருப்பும் சேர்வோ என்றால் கண்ணுக்குத் தெரியும்.

மைக்ரோபைதன் ஏற்றிக்கொண்டால் மருமகனுக்குத் தெரிந்த அதே பைதன்தான் இரண்டு பக்கமும். அதிர்வெண் 50 என்று வைத்து, துடிப்பை நனோ செக்கனில் எழுத வேண்டும், நடுவுக்கு 1500000. சைகை 3.3 வோல்ட்தான். ஆனாலும் எங்கள் ஆறும் முறைப்பாடில்லாமல் ஏற்றுக்கொண்டன.

பிக்கோவிலும் நாங்கள் தடுக்கிய இடங்கள் உண்டு. கட்டளையைப் பைட்டுகளாகச் சுருக்கி அனுப்பினால் அழகாக இருக்கும் என்று மருமகன் நினைத்தான். மூன்றாம் கேற்றுக்கு 3 என்ற பைட். அது போன கணமே பிக்கோவின் நிரல் நின்றுவிட்டது. மைக்ரோபைதனுக்கு 3 என்ற பைட் கன்ட்ரோல்-சி, அதாவது “நிறுத்து”. எழுத்தாக “3 1200” என்று அனுப்பிப் புதுவரி வைத்ததும் சரியாகிவிட்டது. பின்களைத் தெரிவு செய்யும்போதும் கவனம் வேண்டும். 0ஆம் பின்னும் 16ஆம் பின்னும் உள்ளே ஒரே வழி, ஒன்றை அசைத்தால் மற்றதும் அசையும். 0 முதல் 5 வரை வரிசையாக எடுத்துவிட்டால் அந்தத் தலையிடி இல்லை. அப்புறம் கேபிள். வீட்டில் கிடந்த முதல் மைக்ரோ யூஎஸ்பி கேபிள் சார்ஜ் ஏற்ற மட்டும் செய்யப்பட்டது, தகவல் வயரே உள்ளே இல்லை. லாப்டொப் பிக்கோவைக் கண்டுகொள்ளவே இல்லை, நாங்கள் பிக்கோவைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

துடிப்பு உண்டாக்குவதை மட்டும் செய்யும் பிசிஏ9685 போர்ட்டையும் கடையில் காட்டினார்கள். 16 சேர்வோவை வரிசையாகச் செருகலாம். சேர்வோ மின்சாரத்துக்குத் தனியாகத் திருகாணி வைத்த இடம் இருக்கிறது, வயர் வேலை மிகச் சுத்தமாக முடியும். ஐ2சி என்பது சிப்புகள் இரண்டு வயரில் பேசும் முறை, அதில் முகவரியை மாற்றி மாற்றி 62 போர்ட் வரை ஒரே இரண்டு வயரில் கோக்கலாம், 992 சேர்வோ. ஆனால் இதற்கு யூஎஸ்பி தெரியாது. ஊனோவோ பிக்கோவோ பக்கத்தில் இருந்தாக வேண்டும். அல்லது எம்சிபி2221 என்ற சின்ன யூஎஸ்பி–ஐ2சி சிப் வைத்த போர்ட்டை நடுவில் போட்டால் லாப்டொப்பின் பைதனிலிருந்தே நேராகப் பேசலாம், போர்ட்டுக்குள் நிரல் எழுதும் வேலையே இல்லை. மருமகன் முதலில் கேட்ட “நேரா வயர்” என்பதற்கு மிகக் கிட்ட வரும் வழி இதுதான்.

குறை என்றால், இதன் உள்ளிருக்கும் 25 மெகா ஹேர்ட்ஸ் கடிகாரம் துல்லியமானது இல்லை. 1500 கேட்டால் கொஞ்சம் தள்ளித்தான் வரும், ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு தடவை அளவு பார்த்துத் திருத்த வேண்டும். 20 மில்லி செக்கனை 4096ஆகப் பிரிப்பதால் ஒரு படி கிட்டத்தட்ட 4.9 மைக்ரோ செக்கன், அதாவது அரைப் பாகைக்குக் கொஞ்சம் குறைவு. ஆறு சேர்வோவுக்கு இது பெரிய போர்ட். பத்துக்கு மேல் என்றால் நான் மறுபேச்சில்லாமல் இதைத்தான் எடுப்பேன்.

கடைசியாக, இதே வேலைக்கென்றே பிறந்த ஒன்று: பொலோலு நிறுவனத்தின் மேஸ்ட்ரோ. சின்னதில் 6 வழி, பெரியவற்றில் 12, 18, 24. யூஎஸ்பியில் செருகி, அவர்களுடைய மென்பொருளைத் திறந்தால் ஒவ்வொரு சேர்வோவுக்கும் ஒரு சறுக்குப் பிடி. எலியால் இழுத்தால் மேசையில் ஆடும். ஒரு வரி நிரலும் எழுதவில்லை. அசைவு 0.25 மைக்ரோ செக்கன் நுட்பம்.

அதைவிடப் பெரிய விஷயம், வேகத்தையும் முடுக்கத்தையும் போர்ட்டுக்குள்ளேயே எழுதி வைக்கலாம். நிஜக் கேற் எப்படி இறங்கும்? மெல்லத் தொடங்கி, நடுவில் வேகம் எடுத்து, கடைசியில் ஆறுதலாகப் படியும். சும்மா விட்ட சேர்வோ அதைக் கத்தி வெட்டுவதுபோல டக்கென்று போட்டுவிடும். ஊனோவிலும் பிக்கோவிலும் இந்த மென்மைக்கு நாமே கணக்கெழுத வேண்டும். நாங்கள் 20 மில்லி செக்கனுக்கு ஒரு படியாக நகர்த்தி எழுதினோம், வந்தது, ஆனால் இரண்டு மாலை போனது. மேஸ்ட்ரோவில் அது இரண்டு பெட்டியில் இரண்டு இலக்கம். தொடங்கும்போது எங்கே நிற்க வேண்டும், கொம்பியூட்டர் பேசாமல் போனால் எங்கே போக வேண்டும் என்பதையும் வழிக்கு வழி சொல்லி வைக்கலாம்.

பைதனிலிருந்து பேசுவதும் சுலபம், நான்கு பைட். முதல் வழியை நடுவுக்குக் கொண்டுபோக 132, 0, 112, 46. இலக்கைக் கால் மைக்ரோ செக்கனில் சொல்வதால் 1500 என்பது 6000. அதை 128ஆல் வகுத்தால் ஈவு 46, மிச்சம் 112. மிச்சம் முன்னால், ஈவு பின்னால். முதல் தடவை எதுவும் அசையாவிட்டால் பயப்பட வேண்டாம், அதன் மென்பொருளில் சீரியல் முறையை யூஎஸ்பி டுவல் போர்ட் என்று மாற்றிவிட்டுப் பாருங்கள்.

பிறகு ஏன் நான் மேஸ்ட்ரோவை எடுக்கவில்லை? பொலோலு இருப்பது அமெரிக்காவில், லாஸ் வேகஸில். தபாலுக்கும் சுங்கத்துக்கும் நாள் எண்ண வேண்டும், விலையும் பிக்கோவைவிடப் பல மடங்கு. கண்காட்சிக்கு இரண்டு நாள் இருக்கும்போது யாராவது வயரை மாற்றிச் செருகி அது புகைந்தால் எங்கே ஓடுவது? பிக்கோ புகைந்தால் காலி வீதியில் 100ஓ 101ஓ ஏறிப் புறக்கோட்டைக்குப் போய், முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் இன்னொன்றை வாங்கிக்கொண்டு மத்தியானத்துக்குள் வீட்டில் நிற்கலாம். பிள்ளைகள் வயர் பிடுங்கும் இடத்தில் இந்த வசதியை நான் பெரிதாக மதிக்கிறேன். அதுவே ஒரு கடை வாசலில் மாதக்கணக்காகத் தலையாட்டப் போகும் பொம்மை என்றால், கையில் நேரமும் காசும் இருந்தால், மேஸ்ட்ரோவைத்தான் வரவழைப்பேன். கனடாவின் ஃபிட்ஜெட்ஸ் நிறுவனமும் இதே வகை யூஎஸ்பிக் கட்டுப்படுத்திகளைச் செய்கிறது, அதற்கும் இதே கணக்குத்தான்.

ஒரு விஷயத்தில் மேலே சொன்ன நான்கும் ஒன்று. இந்த வகைச் சேர்வோ கேட்கும், திருப்பிப் பேசாது. கேற்றின் கீழே பென்சில் சிக்கி நின்றாலும் லாப்டொப்புக்குத் தெரியாது. “எங்கே நிற்கிறாய்?” என்று கேட்டுப் பதில் வாங்க வேண்டுமானால் ஃபீடெக் எஸ்ரிஎஸ்3215, டைனமிக்சல் போன்ற பஸ் சேர்வோக்களுக்குப் போக வேண்டும். ஒன்றோடொன்று சங்கிலியாகக் கோத்து, ஒரு யூஎஸ்பி அடப்டரால் பேசலாம். ரோபோக் கை செய்பவர்களுக்கு அதுதான் வழி. ரயில் கேற்றுக்கு அவ்வளவு செலவழிக்க எனக்கு மனம் வராது.

ஆக எங்கள் மேசையில் போனது பிக்கோ, 5 வோல்ட் 3 அம்பியர் அடப்டர், ஆறு எஸ்ஜி90. ஆறும் ஒரே கணத்தில் கிளம்பாதபடி ஒவ்வொன்றுக்கும் நடுவே 150 மில்லி செக்கன் இடைவெளி விட்டோம். பார்ப்பதற்கும் அது நிஜம் மாதிரி இருந்தது, ஒரு பக்கக் கேற் விழுந்த பிறகுதானே மற்றது விழும். ஊனோவை, நிரல் ஏற்றி, பெட்டிக்குள் மாற்றாளாக வைத்தோம். லாப்டொப்பில் எந்த யூஎஸ்பித் துவாரம் என்று ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினோம். துவாரம் மாறினால் விண்டோஸ் அந்தப் போர்ட்டுக்கு வைத்த பெயர் கொம் 3 என்பதிலிருந்து கொம் 5 ஆகிவிடும், பைதன் நிரல் வெறும் காற்றோடு பேசிக்கொண்டிருக்கும்.

அன்று காலை மருமகன் போன் எடுத்தான். “மாமா, கேற் எல்லாம் ஓகே. ஆனா பெட்டியில அடப்டரைக் காணேல்ல.” அது எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கிடந்தது.